ஆறு துறை தாண்டி ஊருக்கு

மும்பை செம்பூரில் முப்பத்தொரு ஆண்டுகள் குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, சென்ற தை மாதத்தில் சொந்த ஊரான சுசீந்திரத்துக்குத் திரும்பினோம். சாமான்கள் எல்லாம் லாரியில் முன்னதாகவே போய்விட்டன. பூஜை அறையை மட்டும் லாரிக்காரரிடம் ஒப்படைக்க என் மனைவி சம்மதிக்கவில்லை. இரண்டு குத்துவிளக்குகள், அம்பாள் படம், கையகலப் பஞ்சலோகப் பிள்ளையார், என் மாமியார் கொடுத்த வெள்ளிச் சொம்பு ஆகியவை பழைய போர்வைகளில் சுற்றப்பட்டு எங்கள் காரின் பின்னிருக்கையில் எழுந்தருளின. அம்பாள் படத்துக்கு சீட் பெல்ட்டும் மாட்டப்பட்டது. "விமானத்தில் போனால் இவளைச் சரக்கோடு சரக்காகப் போட்டுவிடுவார்கள்" என்றாள் மனைவி. இவ்வாறாக, அறுபத்தாறு வயதில் ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர் கார் ஓட்டும் பொறுப்பு என்மேல் விழுந்தது.

புணே, பெங்களூரு, மதுரை என்று அகலமான சாலையில் வந்திருந்தால் மூன்றே நாளில் முடிந்திருக்கும். நண்பர்கள் அனைவரும் அதையே சொன்னார்கள். ஆனால் கொங்கணக் கடற்கரையில் இருக்கும் கணபதிபுலே பிள்ளையாரைச் சங்கடஹர சதுர்த்தியன்று வலம் வருவதாக என் மனைவி பல ஆண்டுகளுக்கு முன் நேர்ந்துகொண்டிருந்தாள். அந்தத் திசைக்குப் போகும் வாய்ப்பு இனி எங்களுக்கு ஏது? ஆகவே கடலோரமாகவே ஊர் வருவது என்று முடிவு செய்தோம்.

புறப்படும் நாளைக் குறித்தவர் என் தாயார். எண்பத்தெட்டு வயது. பூர்வீக வீட்டில் என் அண்ணனோடு இருக்கிறார். தொலைபேசியில் அவர் சொன்னது இதுதான்: "மக்கா, இந்த வருசம் அப்பா திதிக்கு நீ இங்க வந்திரு. அடுத்த வருசம்னா எனக்கும் சேர்த்து வரவேண்டியிருக்கும்."

அப்பாவின் திதி தை மாதத் தேய்பிறை நவமி. இவ்வாண்டு அது ஒரு சனிக்கிழமையில் வந்தது. பதினான்கு ஆண்டுகளாக ஊரில் அண்ணன் தனியாகவும், மாதுங்காவில் நான் தனியாகவும் அதனைச் செய்துவந்தோம். அண்ணனும் நானும் பேசிக்கொள்வதில்லை. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை வெறும் பயணக்குறிப்பாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பட்டு வியாழன் மாலை ஊர் சேர்வதாக என் நோட்டுப் புத்தகத்தில் நிரல் போட்டிருந்தேன். எந்த ஊரில் எத்தனை மணி, எந்தக் கோயில் எத்தனை நிமிடம் என்று கட்டம் கட்டி எழுதிய நிரல். வெள்ளிக்கிழமை கையிருப்பு. வங்கிக்காரன் கையிருப்பு இல்லாமல் எதையும் தொடங்கமாட்டான்.

முதல் துறை மும்பையிலேயே இருக்கிறது. 'பாவுச்சா தக்கா' என்று மராத்தியர் அழைக்கும் துறையிலிருந்து அலிபாக் அருகிலுள்ள மாண்ட்வாவுக்கு 2020 மார்ச் முதல் கார்களையும் பயணிகளையும் ஒருசேர ஏற்றிச்செல்லும் பெரிய கப்பல் ஓடுகிறது. ஒரு மணி நேரக் கடற்பயணம். தரைவழியாக வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு போனால் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகும். மேல்தளத்தில் நின்று, பின்னால் சிறிதாகிக்கொண்டே போன நகரத்தை என் மனைவி ஒரு சொல்லும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் இரு குழந்தைகளும் பிறந்த ஊர் அது. நானும் பேசவில்லை.

மாண்ட்வாவிலிருந்து தெற்கே போகும் சாலைக்கு ஈடாக ஒன்றைச் சொல்வது கடினம். ரேவ்தண்டா, கோர்லாய், காஷித், முருட் என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. வலப்புறம் கடல், இடப்புறம் பாக்குத் தோப்பு. முருட் தாண்டியதும் கடலின் நடுவே ஜஞ்சீராக் கோட்டை தெரிகிறது. சித்தி வம்சத்தாரின் கோட்டை. சிவாஜி மகாராஜாவாலும் அவர் புதல்வர் சம்பாஜியாலும் கைப்பற்ற முடியாமல் போனது. சற்றுத் தொலைவில் அகர்தண்டாத் துறை. அங்கிருந்து திகிக்குக் கார்ப் படகு. இரண்டாவது துறை.

இந்தப் படகுகளைப் பற்றி வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். தட்டையான இரும்புத் தளம், முன்பக்கம் ஒரு சாய்வுப் பலகை, மேலே சிறிய மாலுமி அறை, இவ்வளவுதான் படகு. ஏறவும் இறங்கவும் ஒரே வழி. ஆகையால் கரையிலிருந்து காரைப் பின்னோக்கிச் செலுத்தித்தான் ஏற்றவேண்டும். அக்கரை சேர்ந்ததும் நேராக இறங்கிப் போகலாம். பின்னோக்கி ஓட்டுவது எனக்கு எப்போதுமே அச்சம். கழுத்து முன்போலத் திரும்புவதில்லை. சாய்வுப் பலகையின் இருபுறமும் தண்ணீர். படகில் நின்ற இளைஞன் ஒருவன் கையை அசைத்து, "யேவூ த்யா, யேவூ த்யா" என்று கூவினான். 'வரட்டும், வரட்டும்' என்று பொருள். நான் கண்ணாடியையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துப் பாதி வழியில் நின்றுவிட்டேன். அவன் அருகில் வந்து, "காகா, தண்ணீரைப் பார்க்காதீர்கள், என் கையை மட்டும் பாருங்கள்" என்றான். பார்த்தேன். கார் ஏறிவிட்டது.

திகிக்குத் தெற்கே திவேஆகர் என்னும் சிற்றூர். இதன் வரலாறு ஒரு வங்கிக்காரனுக்கு மற்றவரைக் காட்டிலும் சற்று அதிகமாகவே உறைக்கும். 1997 நவம்பர் மாதம் ஒரு சங்கடஹர சதுர்த்தியன்று இவ்வூர்ப் பாக்குத் தோப்பு ஒன்றில் குழி தோண்டும்போது செப்புப் பேழை ஒன்று கிடைத்தது. உள்ளே பொன்னாலான கணபதி திருமுகம். ஊரார் அதனைக் கோயிலில் வைத்து வழிபட்டார்கள். 2012 மார்ச்சில் கொள்ளையர் புகுந்து, காவலர் இருவரைக் கொன்று, அந்தத் திருமுகத்தை எடுத்துப்போய் உருக்கிவிட்டார்கள். கொள்ளையர் பிடிபட்டனர். பொன்னும் மீட்கப்பட்டது, ஆனால் வெறும் உலோகமாக. நீதிமன்ற நடைமுறைகளெல்லாம் முடிந்து, அந்தப் பொன்னைக் கொண்டே மீண்டும் திருமுகம் செய்து 2021 நவம்பரில் கோயிலில் வைத்தார்கள். நகைக்கடன் பிரிவில் நான் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன். உருக்கிய தங்கத்துக்கு முகம் கிடையாது, எடை மட்டும்தான் என்று எங்கள் மதிப்பீட்டாளர் சொல்வார். இங்கே எடை மறுபடி முகமாகியிருந்தது. அந்த இரு காவலர்கள்தாம் திரும்பவில்லை. தீபாராதனையின்போது என் மனைவி அவர்களுக்காகவும் வேண்டிக்கொண்டதாகப் பிறகு சொன்னாள்.

அன்றிரவு ஹரிஹரேஸ்வரில் தங்கினோம். பேஷ்வாக்களின் மூதாதையர் ஊரான ஸ்ரீவர்தனுக்கு அருகில் உள்ளது. 'தென்காசி' என்றே இத்தலத்தை மராத்தியர் போற்றுகிறார்கள். முதலில் காலபைரவரை வணங்கி, பின்னர் ஹரிஹரேஸ்வரரை வணங்கி, மறுபடியும் காலபைரவரிடம் வரவேண்டும் என்பது வழக்கம். கோயிலுக்குப் பின்னால் உள்ள குன்றைக் கடலோரப் பாறைகளின் வழியே வலம் வருவதுதான் இங்கு விசேஷம். அதற்குக் கடல் இறங்கியிருக்கவேண்டும். ஏற்ற நேரத்தில் அந்தப் பாதையே இருக்காது. அலைகள் அரித்த பாறைகள் தேன்கூடு போலத் துளைகளோடு நிற்கின்றன. என் நிரலில் திங்கள் காலை ஏழு மணிக்கு வலம் என்று எழுதியிருந்தேன். கடலுக்கு என் நிரல் தெரியவில்லை. ஒன்பது மணிக்குமேல்தான் போகலாம் என்றார்கள். காத்திருந்தோம்.

அந்தத் திங்கட்கிழமைதான் சங்கடஹர சதுர்த்தி. மனைவி காலையிலிருந்து உபவாசம். மாலை ஏழு மணிக்குள் கணபதிபுலே போய்ச் சேர்ந்து, குன்றை வலம் வந்து, சந்திர தரிசனம் செய்தபின் உண்பது என்பது திட்டம். இடையில் மூன்று நதிகள், மூன்று படகுகள். பாக்மாண்ட்லாவில் சாவித்திரி நதியைக் கடந்தால் வேஷ்வி. தாபோலில் வாசிஷ்டி நதியைக் கடந்தால் தோபாவே. தவசாளில் சாஸ்திரி நதியைக் கடந்தால் ஜெய்கட். நதிகளுக்கு இத்தனை அழகான பெயர்களை வைத்தவர்களை வாழ்த்தவேண்டும்.

சாவித்திரியைக் கடந்து, கேல்ஷி, ஆஞ்ஜர்லே வழியாக மலையேறி இறங்கிய சாலையில், தாபோலிக்குச் சற்று முன்னால், பின்சக்கரம் பஞ்சரானது. டிக்கியில் இருந்த உபரிச் சக்கரத்திலும் காற்றில்லை. ஊரை விட்டுப் புறப்படுமுன் பார்த்திருக்க வேண்டியவன் நான்தான். ஒரு பையனின் இருசக்கர வண்டியில் டயரை ஏற்றிக்கொண்டுபோய்ச் சரிசெய்து வருவதற்குள் மூன்று மணி நேரம் கழிந்துவிட்டது. பிற்பகல் முழுதும் என் மனைவி சாலையோர மாமர நிழலில், பின்னிருக்கை அம்பாளுக்குத் துணையாக, ஒரு டம்ளர் பாலோடு உட்கார்ந்திருந்தாள். கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

தாபோல் துறையில் வாசிஷ்டியைக் கடக்கும்போது சூரியன் மறைந்துகொண்டிருந்தான். அக்கரைப் பக்கத்தில் இருக்கும் மின்நிலையத்தின் பெயரைக் கேட்டாலே என் காலத்து வங்கி அதிகாரிகளுக்குத் தூக்கம் கலையும். எத்தனை கூட்டங்கள், எத்தனை கோப்புகள்! ஆனால் தண்ணீரின்மேல் நின்று பார்த்தபோது அது மாலை வெளிச்சத்தில் நாலு புகைபோக்கி, அவ்வளவே. குகாகரில் வியாடேஸ்வரரை வீதியிலிருந்தே கும்பிட்டோம். ஹேத்வியை நெருங்கியபோது நன்றாக இருட்டிவிட்டது.

ஹேத்வியில் பத்துக் கரங்களோடும், மடியில் லட்சுமியோடும் கணபதி கோயில் கொண்டிருக்கிறார். "இங்கேயும் பிள்ளையார்தானே இருக்கிறார். நடை சாத்துவதற்குள் ஒரு நிமிடம் நிறுத்துங்கள்" என்றாள் மனைவி. "கணபதிபுலேயில் அறைக்கு முன்பணம் கட்டியிருக்கிறது. இப்போது நிறுத்தினால் படகு போய்விடும்" என்று சொல்லி நான் வண்டியை விரட்டினேன். ஒரு முச்சந்தியில் வழி கேட்கச் சொன்னாள். கேட்கவில்லை. கைப்பேசி வரைபடத்தை நம்பி இறங்கிய சாலை ஒரு தோப்புக்குள் போய் முடிந்தது. அங்கிருந்து பின்னோக்கியே வரவேண்டியதாயிற்று. தவசாள் துறையை அடைந்தபோது கரையில் யாருமில்லை. கடைசிப் படகு போய்விட்டிருந்தது. நதியின் அக்கரையில் ஜெய்கட் விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. பத்து நிமிடத் தூரந்தான்.

எங்களுக்குப் பின்னால் மலைமேல் தேய்பிறைச் சந்திரன் வந்திருந்தான். மனைவி காரைவிட்டு இறங்கி, பஞ்சலோகப் பிள்ளையாரைப் போர்வையிலிருந்து பிரித்து எடுத்து, காரின் முன்தட்டில் வைத்தாள். கையோடு கொண்டுவந்த அறுகம்புல்லைச் சாத்தினாள். சந்திரனைப் பார்த்துக் கும்பிட்டாள். அதன்பின் அந்தக் காரையே மூன்று முறை வலம் வந்தாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி ஹேத்விக்கே வந்தோம். வீட்டோடு இரண்டு அறைகளை வாடகைக்கு விடும் குடும்பம் ஒன்று அந்நேரத்திலும் கதவைத் திறந்தது. இவள் உபவாசம் என்று தெரிந்ததும், அவ்வீட்டு மாமி ஆவி பறக்கும் மோதகத்தை நெய்யோடு கொண்டுவந்து வைத்தார். அவர்கள் வீட்டிலும் அன்று 'சங்கஷ்டி' விரதம். நம் கொழுக்கட்டைதான். பூரணம் மட்டும் நம்முடையதைவிடச் சற்றுத் தளர்வு. வெளிமாவை அவர்கள் மடிக்கும் நேர்த்தி நமக்கு வராது.

ஒரு நாள் போய்விட்டது என்று ஊருக்குச் சொல்லவேண்டும். வீட்டு எண்ணை அழைத்தேன். அம்மா எடுப்பார் என்று எண்ணியிருந்தேன். இரவு பத்தரை மணிக்கு எண்பத்தெட்டு வயதுத் தாயார் விழித்திருக்கமாட்டார் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. எடுத்தவர் அண்ணன். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் கேட்கும் குரல். "நான்தான்" என்றேன். பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல், படகு தவறிவிட்டது, வியாழன் வரமுடியாது, வெள்ளி இரவு ஆகிவிடும் என்று அறிக்கை வாசிப்பதுபோல ஒப்பித்தேன். சற்று நேரம் பேச்சில்லை. "சனிக்கிழமைதானே திதி. மெதுவா வா. ராத்திரி வண்டி ஓட்டாதே" என்றார். வைத்துவிட்டார்.

அன்றிரவு தூங்க முடியவில்லை. பதினான்கு ஆண்டுகளாக மனைவிக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். வாசகர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

அப்பா நாகர்கோவிலில் மருத்துவமனையில் இருந்த ஏழு வாரங்களும் அண்ணன்தான் உடனிருந்தார். நான் இரண்டு முறை விடுப்பில் வந்து போனேன். செலவு மிஞ்சிப்போனதும், எங்களுக்கிருந்த பதினைந்து சென்ட் வயலை அண்ணன் 3,75,000 ரூபாய்க்கு விற்றார். அப்பா கையெழுத்திட்டார். என்னிடம் கேட்கவில்லை. அப்பா காலமாகிப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்து மும்பை திரும்பியவுடன், அலுவலகத்தில் கடன்தாரருக்கு எழுதும் அதே நடையில் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். விற்ற தொகைக்கும் செலவுக்கும் ரசீதுகளுடன் கணக்கு வேண்டும் என்று.

பத்தாம் நாள் பதிவுத்தபாலில் ஒரு பெரிய உறை வந்தது. கடிதம் இல்லை. ரசீதுகள் மட்டும். மருந்துக்கடை, ரத்தப் பரிசோதனை, ஆட்டோ, இளநீர், பாடைக்குப் பூ வரை. ரசீது கிடைக்காதவற்றைத் துண்டுக் காகிதத்தில் தேதிபோட்டு எழுதியிருந்தார். அன்றிரவே உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். இரண்டு முறை கூட்டினேன். செலவு 4,16,600. அதாவது அண்ணன் தன் கையிலிருந்து 41,600 ரூபாய் போட்டிருந்தார். மளிகைக்கடையில் கணக்கெழுதிச் சம்பாதித்தவர். அதில் ஒரு ரூபாயைக்கூட அவர் என்னிடம் கேட்கவில்லை. நானும் கணக்குச் சரியாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் கேட்டது தவறென்று ஆகிவிடும் அல்லவா? நாளை எழுதலாம், அடுத்த மாதம் எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். பிறகு எழுத முடியாத அளவுக்கு நாள் கடந்துவிட்டது. அந்த உறை அலமாரியில் பத்திரமாக இருந்தது. இப்போது என் கைப்பெட்டியில் இருக்கிறது.

மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். "நான் ஆண்டுதோறும் பிள்ளையாரிடம் உங்கள் அண்ணனுக்கு நல்ல புத்தி கொடு என்றல்லவா வேண்டிக்கொண்டிருந்தேன்" என்றாள். விளக்கை அணைத்துவிட்டாள்.

மறுநாள் காலை, தாண்டிப்போன பிள்ளையாரிடமே முதலில் போய் நின்றோம். பத்துக் கரங்களையும் நிதானமாகத் தரிசித்தோம். பின்னர் தவசாள் படகில் ஐந்தாம் துறையைக் கடந்தோம். பின்னோக்கி ஏற்றுவது இம்முறை எளிதாக இருந்தது.

நம் பழைய தமிழ் அகராதிகள் 'சங்கடம்' என்னும் சொல்லுக்குத் துன்பம் என்பதோடு, இரண்டு தோணிகளைச் சேர்த்து மேலே பலகை பரப்பிய இரட்டைத் தோணி என்றும் ஒரு பொருள் தருகின்றன. மலையாளத்தில் 'சங்ஙாடம்' என்பார்கள். போர்த்துகீசியர் அதை 'ஜங்கடா' என்று எடுத்துக்கொண்டார்கள். கேரளத்தில் இன்றும் கார் ஏற்றும் படகுக்கு 'ஜங்கார்' என்று பெயர். இரண்டு சங்கடமும் வெவ்வேறு வேரிலிருந்து வந்தவையாகவே இருக்கலாம். ஆனாலும் சங்கடஹர சதுர்த்தியன்று சங்கடத்தைத் தவறவிட்டுத் தவித்தவனுக்குச் சிரிப்பு வந்தது.

கணபதிபுலேயில் குன்றே பிள்ளையார். மேற்கே கடலைப் பார்த்தபடி குன்றின் அடியில் சுயம்புவாகக் காட்சி தருகிறார். ஆகவே அவரை வலம்வர வேண்டுமானால் குன்று முழுவதையும் சுற்றவேண்டும். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கற்பாதை. மனைவி நேர்ந்துகொண்டது சதுர்த்தியன்று. நடந்தது பஞ்சமியன்று. "அவருக்குத் தெரியும் யாரால் தாமதமென்று" என்று சொல்லிவிட்டு நடந்தாள். சுற்றி முடித்து மணலில் உட்கார்ந்து கோகம் சர்பத் குடித்தோம்.

அங்கிருந்து ஆரே-வாரே கடற்கரைச் சாலை வழியாக ரத்னகிரி. திலகர் பிறந்த ஊர். பர்மாவின் கடைசி மன்னர் தீபோ நாடு கடத்தப்பட்டு 1916-இல் மறைந்ததும் இங்கேதான். ஊர் திரும்ப முடியாமலே போன அந்த மன்னரின் மாளிகையைப் பார்க்க ஆசைதான். அண்ணன் இரவில் ஓட்டாதே என்று சொல்லியிருந்தார். ஆகவே நிற்காமல் நெடுஞ்சாலையைப் பிடித்து, அன்றிரவு கோவாவில் தங்கினோம். அதன்பின் ஒரு நாளும் இருட்டிய பிறகு நான் வண்டி ஓட்டவில்லை, கடைசி நாள் தவிர.

புதன்கிழமை கோகர்ணம். துளுவ நாட்டில் இருக்கும் ஒரே பாடல்பெற்ற தலம் இது. அப்பரும் சம்பந்தரும் பாடியிருக்கிறார்கள். நம் நாயன்மார்கள் பாடிய ஊரில், ராவணன் பெயர்க்க முடியாத மகாபலேஸ்வரரைக் கையால் தொட்டு வணங்கும் பேறு கிடைத்தது. கர்நாடகக் கரையில் மரவந்தே என்னும் இடத்தில் நெடுஞ்சாலையின் ஒருபுறம் அரபிக்கடல் அலையடிக்க, மறுபுறம் கொல்லூர் மூகாம்பிகையின் சௌபர்ணிகா நதி அமைதியாக நிற்கிறது. கொல்லூருக்கு விலகிச்செல்ல நேரமில்லை. நதியில் கைநனைத்துக்கொண்டோம். இரவு உடுப்பி. புயலில் சிக்கிய மரக்கலத்தை மத்வாசாரியார் காப்பாற்றி, அதிலிருந்த கோபிசந்தனக் கட்டியைக் கேட்டுப் பெற்றார் என்றும், அதற்குள் கிருஷ்ண விக்கிரகம் இருந்தது என்றும் தலவரலாறு சொல்கிறது. கடல்வழியே வந்தவரை மறுநாள் விடியலில் தரிசித்துவிட்டு, வியாழன் முழுவதும் ஓட்டிக் குருவாயூர் சேர்ந்தோம்.

வெள்ளிக்கிழமை. திதிக்கு முதல்நாள் ஆகையால் எனக்கு ஒருபொழுது. கொடுங்கல்லூர் பகவதியை வணங்கி, வைப்பின் தீவின் வழியாக ஆறாவது துறைக்கு வந்தோம். வைப்பினிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு ஜங்கார். ஐந்து நிமிடப் பயணத்துக்கு ஒரு மணி நேர வரிசை. சீன வலைகள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அங்கிருந்து சேர்த்தலை, ஆலப்புழை, கொல்லம். சாலை விரிவாக்கப் பணிகளில் வண்டி ஊர்ந்தது. களியக்காவிளை தாண்டித் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைப் பார்த்தபோது இருட்டிவிட்டது. நாகர்கோவிலைத் தாண்டிப் பழையாற்றுப் பாலம் வந்ததும் தாணுமாலயன் கோயில் கோபுர விளக்கு தெரிந்தது. மனைவி பின்னால் திரும்பி, அம்பாள் படத்தின் மேலிருந்த போர்வையை விலக்கிவிட்டாள்.

எங்கள் பூர்வீக வீட்டுத் தெரு குறுகலானது. உள்ளே போனால் வண்டியைத் திருப்ப இடமில்லை. அப்பா காலத்தில் வாடகைக் கார்க்காரர்கள் தெருமுனையிலேயே நிறுத்திவிடுவார்கள். நானும் முனையில் நிறுத்தி, இறங்கி, பெட்டியை எடுப்பதா, முதலில் போய் அம்மாவைப் பார்ப்பதா என்று தயங்கிக்கொண்டு நின்றேன். கைப்பெட்டியில் அந்த உறை. அதன்மேல், கோவா விடுதியில் உட்கார்ந்து எழுதிய ஒரு கடிதம். 'கணக்குச் சரியாக இருக்கிறது. 41,600 ரூபாயும் மன்னிப்பும் என் பக்கம் பாக்கி' என்று இரண்டே வரி.

தெருவுக்குள்ளிருந்து டார்ச் வெளிச்சம் ஆடிக்கொண்டே வந்தது. அண்ணன். தலை முற்றிலும் நரைத்திருந்தது. நடையில் அப்பாவின் சாயல். உறையை எடுக்கக் குனிந்தேன்.

"அதெல்லாம் பிறகு பார்க்கலாம். சாமி படத்தை முனையில் நிறுத்திவிட்டா வருவாய்? வண்டியைப் பின்னால் எடு" என்றார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். அண்ணன் தெருவின் நடுவில் நின்று டார்ச்சை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். இரு பக்கத்துச் சுவர்களுக்கும் காருக்கும் இடையே ஒரு முழம் இருந்தால் அதிகம்.

"சுவரைப் பார்க்காதே. என் கையைப் பார்" என்றார். "வரட்டும்... வரட்டும்... இன்னும் வரட்டும்..."